முக்திநாத் பட்டியலில் ஒரு ஓய்வு நாள்

ஈப்போவின் சிலிபின் பகுதியில் கலாதேவியின் பள்ளி வேனுக்குக் குறுக்கே வண்டியை நுழைக்கிறவன், அன்றைக்கு யார் முகத்தில் விழித்தானோ என்று நொந்துகொள்ள வேண்டியதுதான். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, தமிழ் பாதி மலாய் பாதியாக அவள் செய்கிற அர்ச்சனையில், பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்க மறந்து நின்றவர்கள் உண்டு. பின்னால் இருக்கிற பதினான்கு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடமாக வேன் ஓட்டுகிறாள். அவள் வண்டியில் ஏறிய ஒரு பிள்ளைக்கும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. "நான் கத்துறதுனாலதான் புள்ளைங்க முழுசா வீடு போய்ச் சேருது" என்பாள்.

செம்மோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டம் இன்று இல்லை, தாமான் என்கிற குடியிருப்பு ஆகிவிட்டது. லயத்து வீடு இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அதை நினைத்து அவள் ஒரு நாளும் கண் கலங்கியதில்லை. கொசுக்கடியும் அட்டைக்கடியும் ஒழிந்தது என்றுதான் சொல்வாள். சிமெண்டு லாரி ஓட்டிய சன்னாசியைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாள். ஒரே மகள், ஷாமினி. இருபத்து நான்கு வயது, தஞ்சோங் மாலிம் கார் ஆலையில் வேலை, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள்.

இவ்வளவும் சாதாரணக் கதை. சாலையில் அவள் காட்டுகிற கோபமும் சாதாரணக் கோபம், அடுத்த சந்து திரும்புவதற்குள் ஆறிவிடும். ஆறாத கோபம் ஒன்றுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் வித்து விழுந்தது. "புண்ணியச் சாவு" என்று யாராவது அவள் காதுபடச் சொன்னால் போதும், உள்ளங்கால் வரை எரியும்.

சன்னாசிக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி, நடக்கச் சொல்லி, அவன் கிளேடாங் மலையில் ஏறத் தொடங்கினான். அங்கே சுகுமாரனின் குழு அவனைப் பிடித்துக்கொண்டது. சுகுமாரன் பேருந்து டிப்போவில் மேற்பார்வையாளர். முப்பது வருடமாகத் தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ முருகன் கோயில் வரை காவடிக் குழுவை நடத்துகிறவர். நல்ல மனிதர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி போடுகிறவர். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் கலாதேவிக்கு இவ்வளவு கஷ்டமே இல்லை.

கிளேடாங் ஏறி, அதைவிட உயரமான கோர்பு ஏறி, அந்தக் குழுவுக்கு நேப்பாள ஆசை வந்தது. ஐயாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் தோரோங் என்றொரு கணவாய், அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் முக்திநாத், பெருமாள் கோயில். மலைக்கு மலையும் ஆச்சு, சாமிக்குச் சாமியும் ஆச்சு. சுகுமாரன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஐப்பசி ஏகாதசியன்று முக்திநாதரைக் கும்பிட வேண்டும் என்று நாள் குறித்தார். நாளைக் குறித்துவிட்டு அதற்குத் தகுந்தபடி மலையை வெட்டினார்கள். ஓய்வு நாள் எதுவும் பயணப் பட்டியலில் இல்லை. காவடி எடுத்தவன் வழியில் உட்காருவானா?

பதினொரு பேர் போனார்கள். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். சன்னாசி பெட்டியில் வந்தான்.

கருமாதியன்று சுகுமாரன் எழுந்து பேசினார். "முக்திநாத் வாசல்ல, பெருமாள் பேரச் சொல்லிக்கிட்டே போனான் சன்னாசி. நம்மள்ல யாருக்குக் கெடைக்கும் இந்தச் சாவு?" கூட்டம் உச்சுக் கொட்டியது. பேருக்கேத்த சாவு என்றார் ஒருவர். கலாதேவி அப்போது மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். சரி, சாமிகிட்டப் போய்ட்டாரு, நாம என்னத்தச் சொல்ல என்று இருந்தாள். இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது.

மூன்றாம் மாதம் பெட்ரீசியா ஒரு கேள்வி கேட்டாள். பெட்ரீசியா டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸ். அவள் மகன் கிளென் கலாதேவியின் வேனில்தான் பள்ளிக்குப் போகிறான். முன்பு ஒருமுறை கணவனோடு நேப்பாளம் போய்வந்தவள். சிலிபின் சாப்பாட்டுக் கடையில் தோசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கலா, கோச்சுக்காத. கணவாய்க்கு முன்னாடி மனாங்னு ஒரு ஊரு வரும்ல, அங்க எத்தன நாள் தங்குனாங்களாம்?"

"ஒரு ராத்திரி. மறுநாள் காலையிலயே கெளம்பி கணவாய் அடிவாரம் போய்ட்டாங்க. ஏன்?"

பெட்ரீசியா சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னு கேக்குறேன்ல?"

"மூவாயிரம் மீட்டருக்கு மேல போனா ஒடம்பு பழகணும் கலா. அங்க காத்து கம்மி. எல்லாரும் மனாங்ல ரெண்டு ராத்திரி தங்குவாங்க. அதுக்கு மேல, தூங்குற எடத்த ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது. இவங்க ஒரே நாள்ல தொள்ளாயிரம் ஏத்திருக்காங்க."

"அவருக்கு மொதல்ல தலைவலி வந்துச்சாம். அப்பறம் வாந்தி."

"தலைவலி வந்தாலே மேல போகக் கூடாது. வாந்தி எடுத்து, தள்ளாட ஆரம்பிச்சா ஒடனே எறக்கணும். அதுக்கு எறக்கறதுதான் மருந்து. ஆயிரம் மீட்டர் எறக்கிட்டா பாதிப் பேரு எழுந்து உட்காந்து டீ கேப்பாங்க."

கலாதேவி கையைக் கழுவாமல் எழுந்து வேனுக்குப் போனாள். பெட்ரீசியா பின்னாலேயே ஓடினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கலாதேவி சொன்னது இதுதான்: "குதிர இருந்துச்சு."

சன்னாசிக்கு நடக்க முடியாமல் போனதும், சுகுமாரன் ஒரு குதிரையை ஏற்பாடு செய்து, அவனைத் தூக்கி உட்காரவைத்து, மேல் முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார். அதை அவரே கருமாதியில் பெருமையாகச் சொன்னார், சன்னாசியை விட்டுவிடாமல் கூட்டிப் போனோம் என்று. குதிரைக்கு மேலே போகவும் தெரியும், கீழே போகவும் தெரியும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும். மேல் முகாமில் மத்தியானம் நுரையீரலில் நீர் கோத்து அவன் செத்தான். அடப் பாவிகளா, உச்சி வெயிலில், பத்துப் பேர் சுற்றி நின்று பெருமாள் பேரைச் சொல்ல!

அன்றைக்கு மூண்ட கோபம் சுகுமாரன் மேல் மட்டும் இல்லை. அதில் முக்கால் பங்கு சன்னாசி மேல். காலையில் விளக்கேற்றும்போது படத்தைப் பார்த்துப் பொரிந்து தள்ளுவாள். "வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருந்த? என்னால முடியல, எறங்குறேன்னு சொல்றதுக்கு என்ன? நாலு பேரு முன்னாடி மானம் போயிருமா? பொண்டாட்டிய விட, பெத்த புள்ளைய விட, அந்தக் கூட்டம் பெருசாப் போச்சா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

கிளேடாங் ஏறத் தொடங்கியதும் அந்தக் கோபத்தில்தான். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் பதினொன்றரை வரை அவள் நேரம் அவளுக்கு. மலையடியில் வேனை நிறுத்துவாள். முதல் நாள் முதல் வளைவிலேயே மூச்சு வாங்கி, பாதையோரத்தில் குந்திவிட்டாள். பெட்ரீசியா சனிக்கிழமைகளில் கூட வருவாள். "வேகம் வேண்டாம்லா. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றாள். கலாதேவி பேசவில்லை, திட்டிக்கொண்டே நடந்தாள். சுகுமாரன், சன்னாசி, பஞ்சாங்கம், குதிரை என்று வரிசையாகத் திட்டு. திட்டுக்கு நடுவே மூச்சு இரைத்தால் நடையைக் குறைப்பாள். ஆறு மாதத்தில், முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டை இரண்டோடு, ஒரு சொல் தடைபடாமல் உச்சிவரை திட்டிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாள். எதிரே இறங்குகிற சீனக் கிழவர்கள் வணக்கம் சொல்லி வழிவிடுவார்கள்.

அவளுக்கு எந்த மலைக்கும் போகிற எண்ணம் இல்லை. சும்மா இருந்தால் வெடித்துவிடுவாள், அதனால் ஏறினாள். இந்த மாசியில்தான் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. ஷாமினி ஒரு வெள்ளிக்கிழமை வந்து, சாப்பாட்டுத் தட்டில் கண்ணை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ம்மா, சுகு மாமா திரும்பவும் முக்திநாத் போறாங்க. ஐப்பசி ஏகாதசிக்கு. நான் பேரு குடுத்துட்டேன்."

கலாதேவியின் கையிலிருந்த கரண்டி ரசத்திலேயே விழுந்துவிட்டது.

"அப்பா விட்டுட்டுப் போன வேண்டுதல்மா. பாதியில நிக்குது. நான்தான முடிக்கணும்?"

"ஒங்கப்பன கொன்ன பட்டியல்டி அது!"

"அப்பா புண்ணியச் சாவு..."

அறை விழுந்தது. இருபத்து நான்கு வயதுப் பெண்ணை அறைந்தாள். அறைந்துவிட்டு அவளே அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். ஷாமினி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "போகத்தான் போறேன்" என்றாள். யாருக்குப் பிறந்த பிடிவாதம்? அதைக் கேட்கவும் வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் குழுவின் கூட்டம். கலாதேவி அழைக்காமலே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சுகுமாரன் பட்டியலை வாசித்தார். ஜீப்பில் சாமே, இரண்டு நாள் நடந்து மனாங், மறுநாளே கணவாயின் அடிவாரம், அடுத்த நாள் மேல் முகாம், ஏகாதசிக்கு முக்திநாத். போன தடவை எழுதிய அதே தாள். ஒரு எழுத்து மாறவில்லை.

கலாதேவி எழுந்தாள். குரலை அடக்கிக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

"அண்ணே, மனாங்ல ஒரு நாள் ஓய்வு போடுங்க. ஒரே ஒரு நாள்."

"ஏகாதசி தவறிடும் தங்கச்சி."

"அப்ப ஒரு நாள் முன்ன கெளம்புங்க."

"எல்லாருக்கும் பத்து நாள்தான்மா லீவு."

"அப்ப வேற எடம் போங்க. அன்னபூர்ணா அடிவாரம் இருக்கு, அதைவிடச் சின்னதா மூவாயிரத்து எரநூறுல ஒரு குன்னு இருக்கு, அழகா மலையெல்லாம் தெரியும்னு பெட்ரீசியா சொல்றா. முக்திநாத்தான் வேணும்னா அந்தப் பக்கமா ஜீப்பே போகுது. சாமியப் பாக்கணும்னா ஜீப்ல போங்க. மலை ஏறணும்னா மலைக்கு மரியாத குடுத்து ஏறுங்க. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

யாரோ சிரித்தார்கள். சுகுமாரன் சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஜீப்ல போயி எறங்குறது ஒரு வேண்டுதலாம்மா? அலகு குத்தி, காவடிய தோள்ல வச்சவன், வலிக்குதுன்னு பாதியில எறக்குவானா? சாமி சோதிக்கும். தாங்கணும். சன்னாசி தாங்குனான், சேர வேண்டிய எடம் சேர்ந்தான்."

"தைப்பூசத்துக்கு நடக்குற ரோட்டுல காத்து இருக்குண்ணே!" என்று கத்தினாள் கலாதேவி. "மயக்கம் போட்டா ஆம்புலன்ஸ் நிக்கிது! அங்க என்ன நிக்கிது? குதிரதான நின்னுச்சு!"

ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவரும் கலாதேவிக்குப் பரிந்து பேசவில்லை. இதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். பத்துப் பேரும் கூட இருந்தவர்கள், பத்துப் பேருக்கும் கண் இருந்தது. ஆனால் புண்ணியச் சாவு என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டால், அதற்கு மேல் எவனும் எதையும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

கடைசியில் சுகுமாரனே ஒரு வழி சொன்னார். ஆனி மாதம் பயிற்சிக்கு எல்லாரும் கினபாலு போவது. மலேசியாவில் உயரம் என்றால் அதுதான். அங்கே உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பட்டியலை முடிவு செய்யலாம் என்றார்.

"அப்ப நானும் வாரேன்" என்றாள் கலாதேவி.

"நீயா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

பிறகு நான்கு மாதம் அவள் தயாரானாள் பாருங்கள், அதுதான் தயாரிப்பு. மாலையில் பிள்ளைகளை வீட்டில் விட்டபின், பக்கத்து அடுக்குமாடியின் பத்து மாடிப் படியையும் நான்கு முறை ஏறி இறங்கினாள். புதுக் காலணியைப் போட்டுக்கொண்டே வேன் ஓட்டிக் கடிக்காமல் பழக்கினாள். பெட்ரீசியா அவளுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தாள். தரையில் நேர்கோடு ஒன்று பார்த்து, குதிகாலை மறு காலின் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்க வேண்டும். உயரத்தில் எவன் அப்படி நடக்கத் தடுமாறுகிறானோ, அவன் மூளைக்கு ஆபத்து வந்துவிட்டது. அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே, இறக்கு. கலாதேவி பார்க்கிங் கோட்டின் மேல் நடந்து நடந்து பழகினாள். எல்லாம் எதற்கு? மகள் கால் தடுமாறினால் அந்த நொடியே தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

கினபாலு அன்று வெயிலாக இருந்தது. காலை ஒன்பது மணிக்கு மலைப்பாதை வாசலில் வண்டியிலிருந்து இறங்கினார்கள். ஒன்பது பேர், கூடவே இரண்டு மலிம் குனோங், அதாவது மலை வழிகாட்டிகள். வழிகாட்டிகளில் மூத்தவர் "பெலான்-பெலான்" என்றார், மெதுவாக மெதுவாக என்று. சுகுமாரன் தலையாட்டிவிட்டு முதல் ஆளாய்ப் பாய்ந்தார். ஐம்பத்தேழு வயதிலும் தேக்கு மாதிரி உடம்பு. ஷாமினியும் இளவட்டங்களும் அவர் பின்னால். கலாதேவி கடைசி. வழக்கம் போல வாய்க்குள் திட்டிக்கொண்டு, ஒரு சொல்லுக்கு ஒரு படி வைத்தாள். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

பனலாபான் தங்குமிடம் மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர். அவள் போய்ச் சேரும்போது மணி இரண்டு. லேசான தலைபாரம், மற்றபடி ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஷாமினியைத் தேடினாள். ஷாமினி படுக்கை அறை வாசலில் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"ஒனக்கு என்னடி?"

"எனக்கு ஒன்னும் இல்லமா. சுகு மாமாவுக்குத்தான். பன்னண்டு மணிக்கே வந்துட்டாங்க. மூணு வாட்டி வாந்தி. யார்ட்டயும் சொல்லாதன்னாங்க."

உள்ளே கட்டிலில் சுகுமாரன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தார். நெற்றி முழுக்கத் திருநீறு. காவடிக் குழுப் பையன்கள் இரண்டு பேர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒன்னும் இல்லக்கா, சாமி சோதிக்குது. தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்" என்றான் ஒருவன்.

கலாதேவி அவனைப் பார்த்த பார்வையில் அவன் காலை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"அண்ணே, எந்திரிங்க."

"வேணாம் தங்கச்சி. லைட்டா தலவலி."

"எந்திரிங்கன்னேன்."

பலகைத் தரை. இரண்டு பலகைக்கு நடுவே நேராக ஓடுகிற கோட்டைக் காட்டி, குதிகாலையும் விரலையும் ஒட்டி நடக்கச் சொன்னாள். மூன்றாள் உயரக் காவடியைத் தூக்கிக்கொண்டு ஆடிய மனிதர் முதல் அடி வைத்தார். இரண்டாவது அடி வைத்தார். மூன்றாவதில் கால் பின்னிக்கொண்டு சாய்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்தார். மறுபடி முயன்றார். மறுபடியும் சாய்ந்தார். வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கலாதேவி வெளியே போய் வழிகாட்டியைக் கூட்டி வந்தாள். அவர் சுகுமாரனின் கண்ணைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். "துருன். செக்காராங்" என்றார். இறங்கணும், இப்பவே.

"முடியாது" என்றார் சுகுமாரன். "முப்பது வருசமா நான் பாதியில எறக்குனதில்ல. நாளைக்கு உச்சி. எல்லாரும் என்னப் பாத்துதான் வந்திருக்காங்க."

"அண்ணே, நீங்க இங்க செத்தா நான் கருமாதியில எந்திரிச்சி புண்ணியச் சாவுன்னு பேசணுமா? பேசுறேன். நல்லாப் பேசுவேன். எறங்குறீங்களா, பேசவா?"

சுகுமாரன் வாயைத் திறந்தார். சொல் வருவதற்குள் வாந்தி வந்தது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பயம் வந்திருந்தது. கலாதேவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை ஐஸ் மாதிரி இருந்தது.

"கலா, கீழ போலாம். என்னால முடியல. கீழ கூட்டிட்டுப் போயிரு."

சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். கண் எங்கோ போய் நின்றது. பிறகு மெல்லச் சொன்னார், யாரிடமும் இல்லாமல்.

"இப்படித்தான் சொன்னான். இதே மாதிரிதான் கையப் புடிச்சான்."

"யாரு?"

"சன்னாசி."

ஷாமினியின் கையிலிருந்த பொட்டலம் விழுந்து திருநீறு தரையில் சிந்தியது.

"மூணு தரம் சொன்னான் கலா. அடிவாரத்துல ராத்திரி ஒரு தரம். காலையில குதிர வந்தப்ப ஒரு தரம். தூக்கி உட்கார வச்சப்ப ஒரு தரம். எறக்கி விடுங்கண்ணே, வீட்டுக்குப் போறேன்னான். நாந்தான்... எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லாதடா, வேண்டுதல்டான்னு, நாந்தான் வாய அடக்குனேன். மேல போயிக்கிட்டு இருக்கறப்பவும் குதிர மேல இருந்து திரும்பித் திரும்பிப் பாத்தான். பெருமாள் பேரெல்லாம் சொல்லல. கலா கலான்னுதான் சொன்னான்."

ஏறக்குறைய ஒன்றரை வருடம் அவள் படத்தின் முன்னால் நின்று திட்டிய திட்டு எல்லாம் ஒரே நொடியில் அவள் மேலேயே வந்து விழுந்தது. வாய் இல்லையா உனக்கு என்று கேட்டாளே! வாய் இருந்திருக்கிறது. கெஞ்சியிருக்கிறான். கேட்கத்தான் ஒரு நாதி இல்லை.

அவளுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அந்த மணிக்கட்டை உதறிவிட்டு, கிட இங்கேயே, உன் சாமி வந்து இறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும் என்றிருந்தது. யார் கேட்பார்கள்? பத்துப் பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் ஊர் நம்புகிறது என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். காவடிப் பையன்கள் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். ஷாமினி, "ம்மா" என்றாள்.

கலாதேவி சுகுமாரனின் காலணியை எடுத்தாள். குனிந்து, அவர் காலை வெடுக்கென்று இழுத்து மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"எந்திரி" என்றாள்.

இத்தனை வருடமாக அண்ணே என்றும் நீங்க என்றும் கூப்பிட்ட மனிதரை முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டாள். அவர் மறுப்பில்லாமல் எழுந்தார்.

முன்னால் வழிகாட்டி, நடுவில் சுகுமாரன், அவர் இடுப்புக் கச்சையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கலாதேவி, அவளுக்குப் பின்னால் ஷாமினி. மற்றவர்கள் மேலேயே நின்றார்கள். இறங்குகிற வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ஷாமினிக்குப் பயமாக இருந்தது. ஈரப் படிகள், வேர்கள், சின்னக் கற்கள். எங்கெல்லாம் அவர் கால் இடறியதோ அங்கெல்லாம் அந்தக் கை கச்சையை வெட்டி இழுத்து நிறுத்தியது.

நாலரை மணிக்கு லாயாங்-லாயாங் குடிசைக்கு வந்தார்கள். ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறங்கியாயிற்று. சுகுமாரன் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார், வாந்தி வராமல் வயிற்றில் நின்றது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. சுற்றிலும் பார்த்து, "தலவலி கொறஞ்சிருக்கு" என்றார், ஆச்சரியத்தோடு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

ஷாமினி அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, அந்தக் குதிரக்காரன் என்ன சொன்னான்?"

"அவன்... அவனும் கீழதான் கையக் காட்டுனான்."

"பட்டியல்ல எம் பேர அடிச்சிருங்க" என்றாள் ஷாமினி. குரல் நடுங்கவில்லை. அவள் அம்மாவின் குரல் அது.

"அடிக்க வேணாம்" என்றாள் கலாதேவி. "பட்டியலையே கிழிக்கணும். வர்ற ஞாயித்துக்கெழம மண்டபத்துல எல்லாரையும் கூட்டு. கருமாதியில நின்னு பேசுனியே, அதே மாதிரி நின்னு சொல்லு. மூணு தரம் கேட்டான், நான் எறக்கலன்னு சொல்லு. குதிரக்காரன் கைய எங்க காட்டுனான்னு சொல்லு. அதுக்கப்பறமும் ஓய்வு நாள் இல்லாம எவன் போறேங்குறான்னு நான் பாக்குறேன்."

"ஊரே அவன புண்ணியவான்னு கும்புடுது கலா. அதக் கலைக்கணுமா?"

"எம் புருசன் புண்ணியவான் இல்ல. வீட்டுக்கு வரணும்னு கேட்டவன். அதச் சொல்லு."

அவர் தலையை ஆட்டினார். வழிகாட்டி வானத்தைப் பார்த்து, மழை வரும், போகலாம் என்று சைகை காட்டினார். மறுபடி இறங்கத் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து படி போயிருக்கும், சுகுமாரன் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"தங்கச்சி, என்ன மன்னிப்பியா?"

"மாட்டேன்" என்றாள் கலாதேவி, கச்சையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "கீழ பாத்துக் கால வை. அடுத்த படி வழுக்கும்."